ஒன்பதாம் நாளும் ஐந்தாம் நாளும்

வெளியே பந்தலில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் "ப்ச்" என்றார்கள். பவுண்டரி போயிருக்க வேண்டும். கேட்ச் விட்டிருந்தால் "ப்ச்" வராது, "அய்யய்யோ" வரும். விக்கெட் விழுந்திருந்தால் கை தட்டப் போய், இது துக்க வீடு என்று நினைவு வந்து, அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிற ஒரு செருமல் வரும். காலையிலிருந்து அப்படி நாலு செருமல் கேட்டுவிட்டேன். ஒன்றிரண்டு விட்டுப்போயும் இருக்கலாம், பதினோரு மணிக்கு ஸ்ரீரங்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்களே, அப்போது வெளியே என்ன ஆனது என்றே தெரியவில்லை, அழுகிறவர்களை நிறுத்தி ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லவா முடியும். நான் கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே டிவி. டிவியை மறைத்து அவருடைய எட்டு முழ வேட்டியைப் போட்டு மூடியிருக்கிறார்கள், கருமாதி முடிகிறவரை, அதாவது பதினாறு நாள், அதைத் திறக்கக் கூடாது. அவர் போய் இன்றைக்கு ஒன்பதாம் நாள். சேப்பாக்கத்தில் நடக்கிற டெஸ்ட் மாட்சுக்கு இன்றைக்கு ஐந்தாம் நாள், கடைசி நாள், மணி மூன்று ஆகப்போகிறது, தேநீர் இடைவேளை முடிந்து அரைமணி ஆகியிருக்கும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் போனில் மாட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள். செத்தவரின் பெண்டாட்டிக்கு மட்டும் ஸ்கோர் தெரியாது.

என் போன் மருமகளிடம் இருக்கிறது, விசாரிக்கிறவர்களுக்கு அவள்தான் பதில் சொல்கிறாள். காலையில் யாரோ இட்லி வாங்கி வந்தபோது தட்டுக்கு அடியில் விரித்திருந்தது இன்றைய பேப்பரின் கடைசிப் பக்கம். குனிந்து குனிந்து சாப்பிட்டேன். "பாவம், நிமிரக்கூட முடியலை பாருங்க" என்றார் தர்மாம்பாள் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, எழுபத்தைந்து வயது, இந்த ஒன்பது நாளும் இந்த வீட்டின் சட்டமெல்லாம் அண்ணி வாயிலிருந்துதான் வருகிறது. பேப்பர்படி எதிரணிக்கு இன்னும் நூற்று எண்பத்தேழு ரன் வேண்டும், நமக்கு ஏழு விக்கெட் வேண்டும், அதற்கு மேல் சட்னி. அப்புறம் பத்து மணிக்குச் செழியன், என் பிள்ளை, குளியலறைக்குப் போகிற வழியில் கையில் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனான். "எவ்வளவுடா?" என்றேன் மெதுவாக. "அம்மா, ப்ளீஸ்" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் இருந்தான், ஒரு ஓவருக்கு நாலு நிமிஷம் என்றால் ஐந்து ஓவர். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று அவனுக்கு ஆறு வயதில் சமையல்கட்டில் பூரிக்கட்டையைக் காலுக்கு முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவள் நான். இருக்கட்டும்.

ஸ்கோர் தெரியாதது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். எனக்கு உள்ளுக்குள் வேறொரு பயம் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் புருஷன் போன துக்கத்தில் இவளுக்கு இதுதான் கவலையா என்பார்கள். அவர் போன ஐந்தாம் நாள் ஒரு வாரப் பத்திரிகையைப் புடவைக்குள் சொருகிக்கொண்டு குளியலறைக்குள் போனேன், அறுபத்து மூன்று வயதில், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி. தொடர்கதையின் பன்னிரண்டாம் அத்தியாயம், போன வாரம் எங்கே நின்றது என்று நன்றாக ஞாபகம் இருந்தது, ஒரு பெண் ரயிலிலிருந்து தவறான ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். முதல் பக்கத்தை நாலு தடவை படித்தேன். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அவள் இறங்கினால் எனக்கென்ன என்று இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு கதையைப் பார்த்து எனக்கென்ன என்று நான் கேட்டதே இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து யோசித்தேன், ஊரே சொன்னதுதான் உண்மையோ, இதெல்லாம் அவர் எனக்கு ஏற்றிவிட்ட பைத்தியம்தானோ, அவர் போனதும் கூடவே கிளம்பிப் போய்விட்டதோ. அப்படியானால் மிச்சம் இருக்கிற நான் யார், பாயில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிற ஒரு பொம்பளை, அவ்வளவுதானே. அன்றிலிருந்து அந்தப் பயம் கூடவே இருக்கிறது. இந்த மாட்சைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று, மனசு எழுந்து உட்காரும். இல்லை, பதிமூன்று பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பது மட்டும் தெரியும்.

"சம்பந்தம்தான் இவளைக் கெடுத்து வெச்சான்." அண்ணி தன் தம்பியைப் பற்றி இதைச் சொல்லாத கல்யாணம் கிடையாது. எந்த வீட்டுப் பந்தியில் யார் கேட்டாலும் இதே வசனம், பொண்டாட்டியை உட்கார வெச்சு மாட்ச் காட்டுறான், நாவல் வாங்கிக் குடுக்குறான், ரெண்டும் சேர்ந்து நாடகம் பார்த்துச் சிரிக்கிறது தெருமுனை வரைக்கும் கேக்குது. நானும் ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை, கெட்ட பேர் அவருக்குப் போகட்டும் என்று இருந்துவிட்டேன், அதுதான் என் தப்பு. உண்மை என்ன? எட்டாம் வகுப்பில் டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் வழியாகக் கேட்கும், தமிழில் வர்ணனை, யார் யாரோ ஓடுகிறார்கள், வீசுகிறார்கள், பாய்ந்து பிடிக்கிறார்கள், ஒன்றும் புரியாமல் ஆரம்பித்து, ஜுரம் இறங்கும்போது எனக்கு ஃபீல்டிங் வியூகம் முழுக்கத் தெரியும். மட்டையை நான் கண்ணால் பார்த்தது அதற்கு அப்புறம்தான். கதைப் புத்தகம் அதற்கும் முன்னால். பெண் பார்க்க வந்த அன்று, நீங்க என்ன கதை படிப்பீங்க என்று நான்தான் கேட்டேன். ஞானசம்பந்தம், பி.காம்., கூட்டுறவு வங்கி, காதெல்லாம் சிவந்துபோய், "எனக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க. பழகிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரி என்றேன். பழகிக்கொண்டார். ஆறு மாசத்தில் என்னைவிட வேகமாகப் படித்தார், ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம், கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார், தடிமனான நாவல் வந்தால் முதுகில் பிளேடு வைத்து இரண்டாகப் பிளந்துவிடுவார், முதல் பாதியை நான் முடித்து அவரிடம் தள்ளிவிட்டு இரண்டாம் பாதிக்குப் போய்விடுவேன். நூலகத்துப் புத்தகத்தை ஒருநாளும் செய்ததில்லை, அந்த மரியாதை உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, இதென்ன எல்லாம் பாதிப் பாதியா இருக்கு என்று கேட்பார்கள்.

வெளியே இப்போது சத்தமே இல்லை. சத்தமில்லாதது நல்லதற்கும் இருக்கலாம், கெட்டதற்கும் இருக்கலாம். ஸ்பின்னர் போடுகிறானா, வேகப்பந்து போடுகிறானா, ஐந்தாம் நாள் சேப்பாக்கத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று தெரியாத ஒரு கேப்டன் வேகப்பந்தைக் கொடுத்துவிட்டு நிற்பான், அந்த இடது கைக்காரனிடம் கொடேன்டா, அவன் போடட்டும். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, இரண்டாம் நாளே ஒரு தடவை சிரித்து ஆகிவிட்டது. அது ஒரு கூத்து. எங்கள் தெருவுக்குப் பின் தெருவிலும் அன்று ஒரு சாவு, வயதான அம்மாள். அங்கே போக வேண்டியவர் ஒருவர், பெரிய மீசை, கையில் ரோஜா மாலை, நேராக இங்கே வந்து வாசற்படியிலேயே விழுந்து, "எங்களை விட்டுட்டுப் போயிட்டியே ஆத்தா, இனிமே எனக்கு யாரு புளிக்குழம்பு வெச்சுப் போடுவா" என்று கதறிக்கொண்டே வந்து மாலையைத் தூக்கியவர், அங்கே இருந்த போட்டோவைப் பார்த்தார். கண்ணாடி போட்ட என் வீட்டுக்காரர். ஆத்தா என்று வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறது. திரும்பிப் போகவும் முடியாமல், மாலையை அவருக்கே போட்டுவிட்டு, செழியன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுஷன்" என்றாரே பார்க்கலாம். இதே காட்சியை, அச்சாக இதையே, முப்பது வருஷத்துக்கு முன்னால் டிவியில் அரைமணி நேரம் வருகிற ஒரு நகைச்சுவை நாடகத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோம், தவறான வீட்டில் அழுதுவிட்டுச் சாப்பாடு வரை உட்கார்ந்துவிடுகிற ஆள். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அது ஞாபகம் வந்ததோ போச்சு. முந்தானையை வாயில் வைத்து அழுத்தினேன், தோள் இரண்டும் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர், மூச்சு விட முடியவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பதறிப்போய், "அழுதுடும்மா, அடக்காதே, நல்லா அழுதுடு" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியையே ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை பேர் அணைப்புக்குள்ளும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. என் புருஷனுக்கு அன்று யாரும் கொடுக்காத மரியாதையை நான் கொடுத்தேன்.

ஆனால் ஆஸ்பத்திரி. எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது மனசு. உப்பளத்துக் குடும்பத்தைப் பற்றிய நாவல், தொள்ளாயிரம் பக்கம், போன மாசம் வாங்கினோம், வழக்கம்போலப் பிளந்தோம். வீட்டைவிட்டுப் போன தங்கை திரும்பி வருவாளா என்பதுதான் கதை. நான் முழுக்க முடித்துவிட்டேன். அவர் முதல் பாதியின் கடைசிப் பக்கத்தில் இருந்தபோது நெஞ்சுவலி. மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள், மூக்கில் குழாய், கையில் ஊசி, என்னைப் பார்த்ததும் அந்தக் குழாயோடேயே, "மங்கை, அவ திரும்பி வந்தாளா?" என்றார். எனக்கு ஒரு நொடி யார் என்றே புரியவில்லை. புரிந்ததும், "அதெல்லாம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து படிங்க" என்றேன். முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம், கல்யாணமான புதிதில் ஒரு நாவலின் முடிவை அவர் உளறிவிட்டார், நாலு நாள் நான் பேசவில்லை, அதிலிருந்து வந்த சட்டம். அவர் சிரித்தார். "சரி சரி, சட்டம்" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, வந்தாள் அல்லது வரவில்லை, ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் என்ன சாதித்தேன். ஒன்பது நாளாக இதே கேள்வி. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் என் முகத்தைப் பார்த்திருப்பார், ஓகோ, நான் வரப்போவதில்லை என்று இவள் முடிவு பண்ணிவிட்டாள் என்று தெரிந்துகொண்டிருப்பார். சட்டத்தை நான் மீறினால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அவர் சிரித்ததே அதற்காகத்தான், இவள் இன்னும் என்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று. சொல்லாதது சரிதான். சரிதான். இருந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியாது, அது என்னைக் கொல்கிறது.

அண்ணி காபி கொண்டுவந்தார். "குடிம்மா. வெறும் வயித்தோட உக்காந்திருக்கே." நல்ல மனுஷிதான், ஒன்பது நாளாக இடுப்புவலியோடு எல்லாருக்கும் ஓடுகிறார், தம்பியைப் பறிகொடுத்தவர். அவருக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் ஏழரைக்கும் சீரியல் உண்டு, ஒன்பது நாளாக அவரும்தான் பார்க்கவில்லை, அந்த வேட்டியைப் போட்டு மூடச் சொன்னதே அவர்தான் என்பதால் வாய் திறக்க முடியவில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே மனசைக் கோயில் குளத்துல திருப்பிக்கோ மங்கை. அந்தக் கதை, மாட்ச் எல்லாம் அவனோட போகட்டும். அதப் பார்த்து என்ன கண்டீங்க ரெண்டு பேரும்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்ன கண்டீர்கள். நாற்பது வருஷமாக இதைத்தான் கேட்கிறார்கள், நான் வேலை பார்த்த தபால் நிலையத்தில் பக்கத்து சீட்டுக்காரர்களும், சொந்தக்காரர்களும். தொண்ணூறுகளில் ஒரு பொங்கலுக்கு, கடைசி நாள் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே திருச்சியிலிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம், புளிசாதம் கட்டிக்கொண்டு. டிரா ஆனது. திரும்பி வந்தபோது அண்ணி கேட்டார், "அஞ்சு நாள் ஆடியும் ஒண்ணும் ஆகலியா? அதுக்கா போனீங்க?" அதற்குத்தான் போனோம். ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் நாற்பது ஓவர் ஒன்றுமே செய்யாமல் நின்றார்கள், ஒவ்வொரு பந்தையும் செத்த எலியைக் காலடியில் போடுகிற மாதிரி போட்டார்கள், வெயிலில் என் மண்டை பிளந்தது, அவர் துண்டை நனைத்து என் தலையில் போட்டார், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கோயிலிலும் அனுபவித்ததில்லை. என்ன கண்டோம் என்றால் அதைக் கண்டோம். பிரயோஜனம் எதுவும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. சந்தோஷமாக இருந்தோம் அண்ணி, என்று சொல்ல வாயெடுத்தேன், காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அண்ணி எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

நாற்காலிகள் நகரும் சத்தம். ஒன்றல்ல, எல்லாமே. ஆண்கள் எழுந்து நிற்கிறார்கள். எழுந்து நின்று பார்க்கிறார்கள் என்றால் கடைசி விக்கெட், அல்லது கடைசிக்கு முந்தியது, ரன்னும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாரோ, "உள்ள போடுறான், உள்ள போடுறான்" என்று கிசுகிசுக்கிறார்கள். செழியன் குரல் அது. அவன் அப்பாவின் ஒன்பதாம் நாள், அவன் பார்க்கலாம், அவன் ஆண்பிள்ளை, துக்கத்தை மறக்கக் கொஞ்சம் வேண்டியிருக்கிறது என்பார்கள். எனக்கு மறக்க வேண்டாம். நான் மறப்பதற்காக ஒருநாளும் மாட்ச் பார்த்தவள் இல்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம் மட்டும் முட்டியைப் பிடித்து அழுத்துகிறது, திறந்து பார்த்து ஒன்றுமே தோன்றாவிட்டால், அந்தக் குளியலறை மாதிரி ஆகிவிட்டால், இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போகிறேனோ, அத்தனையும் இந்தப் பாய்தான். திறக்காமல் இருந்தால் நம்பிக்கையாவது இருக்கும். சீ, என்ன பேச்சு இது. தெரியாமல் பதுங்கி உட்கார்ந்திருக்கவா பிறந்தேன். கையை ஊன்றி எழுந்தேன், கால் மரத்துப்போயிருந்தது, நாலு அடி, வேட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், அது சரிந்து என் காலடியில் விழுந்தது. மடித்து நாற்காலி மேல் வைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

அவர் கடைசியாக எதைப் பார்த்தாரோ அதே சேனல், அவர் வைத்த அதே சத்தம், காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதென்று போன வருஷத்திலிருந்து கூட்டிக்கூட்டி வைப்பார், மைதானமே வீட்டுக்குள் வந்து கத்தியது. பின்கட்டில் பாத்திரம் ஒன்று விழுந்தது. பத்து ரன் வேண்டும், இரண்டு விக்கெட். பந்து இடது கைக்காரனிடம்தான் இருக்கிறது, மட்டைக்காரன் முன்காலை நீட்டி நீட்டித் தடுக்கிறான், ஷார்ட் லெக்கில் ஒருத்தன் மூக்கு உரசுகிற தூரத்தில் குந்தியிருக்கிறான். ஒரு பந்து. தடுத்தான். இன்னொரு பந்து. தடுத்தான், ஆனால் கை முன்னால் போகிறது, கை முன்னால் போகிறது, இதே இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போட்டால் எழும்பும், மெதுவாகப் போடுடா, என் உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டது, முட்டியில் பயம் இருந்த இடம் எங்கே என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் போட்டான். எழும்பிற்று. குந்தியிருந்தவன் புல்லோடு புல்லாக விழுந்து எடுத்தான். "அவுட்டு! சொன்னேன்ல!" என்று நான் போட்ட சத்தம் பந்தலைத் தாண்டியிருக்கும். சொல்லிக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன், நாற்பது வருஷமாகத் திரும்புகிற பக்கம். அங்கே சுவர் இருந்தது. அழுகை வந்தது, அப்படி வந்தது, நின்றபடியே, வாய்விட்டு, ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, இன்னும் ஒரு விக்கெட், பத்து ரன், பதினோராவது ஆள் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிவருகிறான், அவனுக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பின்கட்டிலிருந்து பெண்கள், வாசலிலிருந்து ஆண்கள், போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு செழியன். அண்ணி ஈரக்கையோடு நேராக வந்து டிவிக்கு முன்னால் நின்றார், இடுப்பில் கை, கண் கலங்கியிருக்கிறது, கோபமும் இருக்கிறது.

"என்னடி மங்கை இது. அவன் போயி ஒம்போது நாள்தானேடி ஆச்சு."

"தெரியும் அண்ணி. ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பந்து தெரியலை."